ஹார்மோன் சிகிச்சையை நிறுத்திய பிறகு

மாதவிடாய் நிற்கும் காலத்தில் எடுக்கும் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை நின்றதும் பெண்ணின் உடலில் மூன்று மாற்றங்கள் தனித்தனியே தொடங்குகின்றன. மருந்தால் அடங்கியிருந்த திடீர் வெக்கையும் வியர்வையும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ திரும்பி வரலாம். பிறப்புறுப்பும் சிறுநீர்ப் பாதையும் மாதக்கணக்கில் மெல்ல வறளத் தொடங்கும். எலும்பு, வலியோ வேறு அறிகுறியோ காட்டாமல், மறுபடியும் அடர்த்தி இழக்கத் தொடங்கும். பெரும்பாலும் பெண்கள் அஞ்சுவது முதலாவதைத்தான். ஆனால் மூன்றில் காலம் போகப்போகத் தானாகத் தணியக்கூடியது அது ஒன்றே. வறட்சி, கவனிக்காமல் விட்டால் கூடிக்கொண்டே போகும். எலும்போ ஒடியும்வரை எதையும் வெளிக்காட்டாது. வெக்கை அடங்கிவிட்டது, இனி டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்ற முடிவு அதனால்தான் ஆபத்தானது.

நிறுத்துவதற்கு முன்

இந்தச் சிகிச்சையைப் பற்றிய பயத்தின் பெரும்பகுதி 2002 ஜூலையில் உண்டானது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்திய 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த பிரிவு அந்த மாதம் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். சராசரியாக 5.2 ஆண்டு கண்காணித்ததில், மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஆண்டுக்கு 8 பேருக்கு மார்பகப் புற்றுநோயும், 8 பேருக்குப் பக்கவாதமும், 7 பேருக்கு இதய நோயும் கூடுதலாக வந்தன. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அந்தப் பரபரப்பில் பலர் கண்ணில் படவில்லை. 60 வயதுக்கு முன்போ, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள்ளோ சிகிச்சை தொடங்குபவர்களுக்குப் பொதுவாகத் தீமையைவிட நன்மையே அதிகம் என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆகவே இத்தனை ஆண்டானதும் நிறுத்தியே தீர வேண்டும் என்ற விதி இன்று இல்லை. ஆண்டுக்கொரு முறை டாக்டருடன் உட்கார்ந்து, தொடர்வதா வேண்டாமா என்று பேசி முடிவெடுப்பதே முறை.

யோசிக்க இடமில்லாத சூழ்நிலைகளும் உண்டு. மார்பகப் புற்றுநோய், கால் ரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம், தீவிரமான கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஒன்று வந்துவிட்டால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, அவசரப்பட்டு நிறுத்தக் கூடாத ஒரு கூட்டமும் இருக்கிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து 45 வயதுக்கு முன்பே எடுத்துவிட்ட பெண்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை. அவர்களுக்கு இந்தச் சிகிச்சை வெக்கைக்காக மட்டும் தரப்படுவதில்லை. உடல் இழந்த ஹார்மோனை, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஈடுகட்டுவதற்காகத் தரப்படுகிறது. 63 வயதுக்காரர்களிடம் கண்ட அபாயக் கணக்கு 40 வயதுக்காரருக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டில் யாரோ புற்றுநோய் வரும் என்று சொன்னதைக் கேட்டு 40 வயதில் மாத்திரையைத் தூக்கி எறிந்தால், எலும்பும் இதயமும் பத்து ஆண்டு முன்னதாகவே முதுமை அடையும்.

படிப்படியாகவா, ஒரேயடியாகவா

இரண்டும் அனுமதிக்கப்பட்ட வழிகளே. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் முதல் சில மாதங்களில் வெக்கை திரும்புவது குறையலாம். நீண்ட காலத்தில் இரண்டு வழிக்கும் வித்தியாசமில்லை என்பது பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு தரும் வழிகாட்டுதல். கடும் வெக்கையால் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் படிப்படியான வழியே நல்லது. 2 மி.கி. ஈஸ்ட்ரடயால் எடுத்தவர் 1 மி.கி.க்கு இறங்கி, ஒன்றிரண்டு மாதம் உடல் பழகியதும் அதிலும் குறைத்து, மூன்று முதல் ஆறு மாதத்தில் முழுதாக விடலாம். ஒவ்வொரு படியையும் டாக்டர்தான் வகுத்துத் தர வேண்டும். கர்ப்பப்பை உள்ள பெண் ஒன்றை மறக்கக் கூடாது: ஈஸ்ட்ரோஜன் துளி அளவில் தொடர்ந்தாலும் அதனுடன் தரப்பட்ட புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையும் தொடர வேண்டும். இரண்டில் ஒன்றைக் குறைப்போம் என்று புரோஜெஸ்ட்ரோனை முதலில் விட்டுவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் அபாயம் கூடும்.

நிறுத்தும் பருவத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறிக்கு அடியிலேயே வியர்க்கும் ஊரில், எது வெயிலின் வெக்கை, எது உடலின் வெக்கை என்று பிரித்தறிய முடியாது. ஐப்பசியில் குறைக்கத் தொடங்கி மாசிக்குள் முடித்துவிட்டால் உடலுக்கும் இதம், நடப்பதைக் கணிக்கவும் எளிது.

மாதந்தோறும் ரத்தப்போக்கு வரும்படியான முறையில் மாத்திரை எடுத்தவர்களுக்கு, நிறுத்திய சில நாட்களில் ஒரு முறை ரத்தப்போக்கு வரலாம். அதற்குப் பிறகு எப்போது ரத்தம் பட்டாலும், ஒரு சொட்டுக் கறையாக இருந்தாலும், பரிசோதனை தேவை. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவரின் தடிமன் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் திசு எடுத்துச் சோதிப்பார்கள். உடல் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது, ஆரம்பத்தில் கண்டால் எளிதில் குணமாகும் கர்ப்பப்பைப் புற்றுநோயை முற்ற விடுவதாகும்.

தைராய்டு மாத்திரையும் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வாய்வழி ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் கூட்டுகிறது. அதனால் தைராய்டு மாத்திரையின் அளவும் கூட்டப்பட்டிருக்கும். ஈஸ்ட்ரோஜன் நின்றதும் அந்த அளவு மிகையாகிவிடலாம். படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். பார்ப்பவர்கள் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லை (மெனோபாஸ்) திரும்பிவிட்டது என்றே நினைப்பார்கள். நிறுத்திய 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். சோதனை செய்தால் விஷயம் தெரிந்துவிடும்.

வெக்கை திரும்பினால்

நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெக்கை திரும்புகிறது. எந்த வயதில் நிறுத்தினாலும், எத்தனை ஆண்டு எடுத்திருந்தாலும் இந்த வாய்ப்பு பெரிதாக மாறுவதில்லை. மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அது குறைந்ததும் அந்த அணுக்கள் மிகையாகத் துடிக்கின்றன. உடல் சூடு சற்றே ஏறினாலும் கொதிக்கிறது என்று எண்ணி, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்ட வைக்கின்றன. நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று ஏறி, சில நிமிடத்தில் வடிந்து, பின்னாலேயே குளிர் தட்டுவது இதனால்தான். சிகிச்சையே எடுக்காத பெண்களுக்கும் இந்தத் தொல்லை சராசரியாக ஏழு ஆண்டுக்கு மேல் நீடிக்கிறது. ஆனாலும் நிறுத்திய முதல் மாதத்து அவதியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. தாங்க முடிகிற அளவில் இருந்தால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பது பயன்தரும். பலருக்கு அதற்குள் கணிசமாகக் குறையும். காலண்டர் தாளில் தினமும் எத்தனை முறை வந்தது, இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது என்று குறித்து வந்தால், குறைகிறதா கூடுகிறதா என்பது நினைவை நம்பாமல் தெரியும்.

வியர்வை எல்லாமே மெனோபாஸ் வியர்வை அல்ல. இரவு வியர்வையுடன் மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடைக் குறைவு சேர்ந்திருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். நம் நாட்டில் இதை ஒதுக்கிவிட முடியாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் பெண்ணுக்குத் திடீரென வியர்த்துக் கை நடுங்கினால், முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தாழ்சர்க்கரையை வெக்கை என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டிக்கொண்டு படுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து.

ஹார்மோன் இல்லாத மருந்துகள் சில உண்மையிலேயே வேலை செய்கின்றன. மனச்சோர்வுக்குத் தரப்படும் வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோப்ராம், பராக்சட்டின் போன்றவற்றைப் பெரும்பாலும் குறைந்த அளவில் எடுத்தாலே வெக்கை தணியும். அவற்றை எழுதித் தந்ததாலேயே மனநோய் என்று பொருளில்லை. மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் எடுப்பவர்கள் பராக்சட்டினைத் தவிர்க்க வேண்டும், அது தமோக்சிஃபெனின் வீரியத்தைக் குறைத்துவிடும். இரவுத் தொல்லையே பெரிதாக இருப்பவர்களுக்குப் படுக்கப் போகும்முன் காபாபென்டின் உதவும். அதில் தலைச்சுற்றல் வரும் என்பதால் நடுராத்திரியில் எழும்போது கவனம் தேவை. மேலே சொன்ன நரம்பணுக்களையே நேரடியாக அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023 மே மாதம் அனுமதி தந்தது. அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதால், அதை எடுப்பவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரல் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மருந்தில்லாத வழிகளில் வலுவான சான்று உள்ளது அறிவுசார் நடத்தை சிகிச்சைக்கு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைரா ஹன்டர் குழுவினர் நடத்திய ஆய்வுகளில் அது வெக்கை வரும் எண்ணிக்கையைவிட, வெக்கை தரும் தொல்லையைக் குறைத்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பதற்றமும், இன்றைக்கும் தூக்கம் போச்சு என்ற எண்ணமும் தணிந்தால், அதே வெக்கை வந்து போவது அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. உடல் பருமன் உள்ளவர்கள் எடை குறைத்தால் வெக்கையும் குறைகிறது. யோகா, மூச்சுப் பயிற்சி, சோயா, அக்குபங்சர் ஆகியவை வெக்கையைக் குறைக்கும் என்பதற்கான சான்று பலவீனமானது. அதற்காக யோகாவை விட வேண்டியதில்லை, மனநிலைக்கும் உடலின் சமநிலைக்கும் அது நல்லது. அதை வெக்கைக்கு மருந்தாக எதிர்பார்ப்பதுதான் ஏமாற்றத்தில் முடியும். பருத்தி உடை, தலைமாட்டில் சொம்புத் தண்ணீர், மாலைக்குப் பிறகு காபி வேண்டாம் என்பவையெல்லாம் செலவில்லாத வசதிகள்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா போன்றவை கலந்த சூரணங்களும், பிளாக் கோஹோஷ் மாத்திரைகளும் இந்த வயதுப் பெண்களைக் குறிவைத்து விற்கப்படுகின்றன. இவை வெக்கையைத் தணிக்கும் என்று நம்பகமாக நிரூபிக்கப்படவில்லை. அமுக்கராவும் பிளாக் கோஹோஷும் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்த பதிவுகள் உண்டு. இயற்கையானது என்பதால் டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது. எதை எடுத்தாலும் அந்த டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

நிறுத்திய சில வாரங்களில் மூட்டு வலியும் உடல் விறைப்பும் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். இது கற்பனையல்ல, மேலே குறிப்பிட்ட அமெரிக்க ஆய்விலேயே மாத்திரையை நிறுத்தியவர்களிடம் இது பதிவாயிற்று. மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

சொல்லக் கூசும் தொல்லை

பிறப்புறுப்பு வறட்சி, உறவின்போது வலி, அரிப்பு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடக்க முடியாத அவசரம், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று ஆகிய அனைத்துக்கும் வேர் ஒன்றுதான். ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய அந்தப் பகுதியின் தோல் மெலிந்து, ஈரமும் நெகிழ்ச்சியும் போய், அங்கே காவலாக இருக்கும் நல்ல பாக்டீரியாவும் குறைந்துவிடுகிறது. அறுபது வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தால் பெண்கள் வாய் திறப்பதில்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் டாக்டர்களும் கேட்பதில்லை. ஒவ்வொரு தொற்றுக்கும் ஓர் ஆன்டிபயாடிக் என்று ஆண்டுகள் ஓடுகின்றன. உடம்பில் எத்தனையோ பாகங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பெண் இதை மட்டும் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

பிறப்புறுப்பில் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமோ மாத்திரையோ இதற்குச் சிறந்த மருந்து. ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியவர்களும் இதைப் பயன்படுத்தலாம். முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை என்பது வழக்கமான முறை. ரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சொற்பம் என்பதால் கர்ப்பப்பை உள்ளவர்களும் இதனுடன் புரோஜெஸ்ட்ரோன் எடுக்கத் தேவையில்லை. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்; விட்டுவிட்டால் வறட்சி திரும்பும், ஆகவே தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றையும் இது குறைக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், குறிப்பாக லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் எடுப்பவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத ஈரமூட்டும் ஜெல்களும், உறவின்போது வழவழப்பு தரும் ஜெல்களும் முதல் வழி. சோப்பும் வாசனைத் திரவங்களும் அந்த இடத்துக்கு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

எலும்பு

சிகிச்சை எடுத்த காலத்தில் எலும்புக்குக் கிடைத்த பாதுகாப்பு சேமிப்பாக நிற்பதில்லை. நிறுத்தியதும் எலும்புத் தேய்வு மறுபடி தொடங்கி, சில ஆண்டுகளில் சிகிச்சையே எடுக்காதவர்களின் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே நிறுத்தும் சமயத்தில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வது மிகவும் பயனுள்ளது. இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் அந்த ஸ்கேனில் டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை நோய். மருந்துக்கடை வாசலில் குதிகாலை வைத்துப் பார்க்கும் இலவச முகாம் சோதனை இதற்கு ஈடாகாது. அதை வைத்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

கால்சியம் நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. தேவை. அரை லிட்டர் பாலும் தயிருமாகச் சுமார் 600 மி.கி. கிடைக்கும். 50 கிராம் கேழ்வரகு மாவில் செய்த கூழோ அடையோ 170 மி.கி. அளவுக்குத் தரும். ஒரு மேசைக்கரண்டி எள் 100 மி.கி.யாவது சேர்க்கும். முருங்கைக்கீரை, கொள்ளு, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி ஆகியவை மீதியை ஈடுகட்டும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதை உடலில் சேரவிடாது. உணவில் போதாதபோதுதான் மாத்திரை. ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம், கார்பனேட் வகையானால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக உள்ளது. வாரம் ஒன்று என்று தரப்படும் 60,000 யூனிட் மாத்திரையைச் சொன்ன வாரங்களோடு நிறுத்திவிட வேண்டும். அதை ஆண்டுக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படுவது உண்டு.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அது மட்டும் போதாது. வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு எதிர்ப்புத் தரும் பயிற்சி வேண்டும்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல், படியேறுதல், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குதல். முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு உள்ளவர்கள் முன்னால் குனிந்து வளையும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். எலும்பு முறிவில் பெரும்பாலானவை விழுவதால் நேர்பவை. ஈரக் குளியலறைக்கு வழுக்காத மிதியடி, கைப்பிடிக் கம்பி, இரவில் எரியும் சிறு விளக்கு, புரை வந்த கண்ணுக்குக் காலத்தில் அறுவை ஆகிய நான்கும் இடுப்பெலும்பைக் காக்கும்.

எலும்புப்புரை உறுதியானால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. வாரம் ஒருமுறை 70 மி.கி. அலென்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் காபி குடிக்காமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக் குழாயில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலமும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கியவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. விட்ட சில மாதங்களிலேயே முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கிய நிகழ்வுகள் உண்டு; நிறுத்துவதானால் மாற்று மருந்துக்கு மாறிய பிறகே.

இதயமும் மார்பகமும்

மாதவிடாய் நின்ற பிறகு கெட்ட கொழுப்பான எல்.டி.எல். உயர்கிறது, ரத்த அழுத்தமும் கூடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும், கூடவே சர்க்கரையையும் பார்க்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பைக் கணக்கில் கொள்ளாமல் சாப்பாட்டில் மட்டும் உப்பைக் குறைப்பதால் பயனில்லை.

ரத்தக்கட்டு அபாயம் மாத்திரை நின்றதும் விரைவில் விலகிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் அபாயம் அவ்வாறல்ல. பல ஆண்டுகள் கூட்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு அது குறைந்தாலும், பத்து ஆண்டுக்குப் பிறகும் ஓரளவு எஞ்சியிருக்கிறது. சிகிச்சை முடிந்துவிட்டது என்று மேமோகிராமை விடாமல், டாக்டர் சொன்ன இடைவெளியில் தொடர வேண்டும்.

மீண்டும் தொடங்க நேர்ந்தால்

ஆறு மாதம் ஆகியும் தூக்கமில்லாமல், வேலைக்குப் போக முடியாமல், வேறு மருந்துகளும் கைகொடுக்காமல் இருந்தால் ஹார்மோனை மறுபடி தொடங்குவது நியாயமான தெரிவு. அது தோல்வி இல்லை. இத்தனை நாள் பட்ட பாடு வீண் என்று எண்ணவும் வேண்டாம். 60 வயதைக் கடந்தவருக்கும், மாதவிடாய் நின்று பத்து ஆண்டு தாண்டியவருக்கும் முடிவு கடினமாகிறது. அப்போது ரத்த அழுத்தம், கொழுப்பு, மேமோகிராம், ரத்தக்கட்டு வரலாறு அனைத்தையும் புதிதாகப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். வாய்வழி மாத்திரையைவிடத் தோல்வழியாகச் செல்லும் ஜெல்லோ பேட்ச்சோ ரத்தக்கட்டைப் பொறுத்தவரை பாதுகாப்பானது. முன்பு எடுத்த அளவிலேயே தொடங்காமல், அறிகுறி அடங்கும் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மூன்று மாதத்தில் டாக்டரைப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தானாகத் தொடங்கக் கூடாது.